கண்காணிப்பாளரின் காது

சொறியக் கூடாது. பத்தேகால் மணி அடித்து, இருபது பிள்ளைகளும் தலையைக் கவிழ்த்துக்கொண்டு எழுத ஆரம்பித்த அதே நிமிஷத்தில் செண்பகவடிவு டீச்சருக்கு இடது காதின் மேல்விளிம்பில் அரிப்பு தொடங்கியது, அதற்கும் சேர்த்துத்தான் மணி அடித்தார்கள் என்பது போல. அரிப்பு என்று சொன்னால் கேட்கிறவர்களுக்குக் கொசுக்கடிதான் ஞாபகம் வரும். இது அப்படியில்லை. தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ஒரே ஒரு எறும்பு வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும், சற்று நிற்கும், போய்விட்டது என்று நினைத்து மூச்சை விட்டால் மறுபடி கிளம்பும். வகுப்பு எடுக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. பானிப்பட்டுப் போர் மூன்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும்போது காது என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஹால் டியூட்டியில் பேசக் கூடாது, உட்காரக் கூடாது, புத்தகம் பார்க்கக் கூடாது, போனை ஆபீஸில் கொடுத்துவிட்டு வர வேண்டும். மூன்று மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்கிற உடம்பு வேறு என்ன செய்யும், நோயைத்தான் நினைக்கும். நகம் பட்டால் அது நகத்தோடு ஒட்டிக்கொண்டு பக்கத்து இடத்துக்குப் போகும் என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்து இடம் என்றால் எது? கன்னம். கழுத்து. அவள் இரண்டு கைகளையும் பின்னால் கோத்துக்கொண்டாள். வலது கையால் இடது கையைப் பிடித்திருந்தாள், திருடனைப் பிடித்து வைத்திருப்பது மாதிரி. கரும்பலகையில் அவளே எழுதியிருந்தாள்: பதினொன்றாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு, பொருளியல், 10.15 முதல் 1.15 வரை. ஒன்றேகாலுக்குள் அவள் ஒரு கடிதமும் எழுதியாக வேண்டும்.

கடிதம். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஹெச்.எம். ஞானதிரவியம் சார் கதவுவரை எழுந்து வந்தார். அவர் எழுந்து வந்தாலே நல்ல சேதியாக இருக்காது. தப்பாக எடுத்துக்கிடாதீங்க டீச்சர் என்றுதான் ஆரம்பித்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இரண்டு மூன்று பேர் பேசினார்களாம். யார் என்று சொல்லவில்லை. சின்னப் பிள்ளைகள் பயப்படுகின்றனவாம். ஒட்டாது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவங்களுக்குச் சொன்னாப் புரியுமா என்றார். நீங்களாகவே ஒரு ஆறு மாசம் மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது, இன்றைக்குப் பரீட்சை முடியவும் கொடுத்தால் போதும், அவசரமில்லை. அவசரமில்லை என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கெடு வைக்கிற மனுஷர். அவள் அப்போது என்ன சொன்னாள்? சரி சார் என்றாள். அதுதான் இப்போது நெஞ்சில் கிடந்து உறுத்தியது. இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள், வாய் இருக்கிறவள், போன வருஷம் சம்பளக் கமிஷன் கூட்டத்தில் எழுந்து நின்று பேசினவள், காதைப் பற்றிப் பேச்சு வந்ததும் சரி சார் என்கிறாள். ஏன்? அவர் பேசும்போது அவள் காதைப் பார்க்கவில்லை. அவள் நெற்றியைப் பார்த்தார், அப்புறம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பார்க்காமல் இருப்பதற்கு அவர் அவ்வளவு கஷ்டப்பட்டார். அந்தக் கஷ்டத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் சரி சார் என்று சொல்லித் தொலைத்தாள். அவருக்காக இவள் வெட்கப்பட்டாள். இதைவிடக் கேவலம் உண்டா?

முதல் வரிசையில் ஒரு பெண் கையை உயர்த்தினாள். அடிஷனல் ஷீட். அதற்குள்ளா என்று பார்த்தால் மணி பதினொன்றாகப் போகிறது. முக்கால் மணி நேரம் எங்கே போயிற்று? தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அந்தப் பெண் தாளின் ஓரத்தை, டீச்சரின் விரல் இல்லாத மூலையை, இரண்டு விரலால் பிடித்து வாங்கினாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வாங்கும், தாள் கசங்கக் கூடாது என்று. இல்லை, இவள் வேண்டுமென்றே. இல்லை. வேண்டுமென்று இல்லை. இந்தக் கணக்குத்தான் அவளுக்கு நாலு வருஷமாக வேலை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்து வேறு இடம் போனால், ஜன்னல் காற்றுக்காகப் போனாளா? கடையில் மீதிச் சில்லறையை மேஜைமேல் வைத்துத் தள்ளினால், அவன் எல்லாருக்கும் அப்படித்தான் தள்ளுவானா? நின்று அடுத்த ஆளுக்கு எப்படித் தருகிறான் என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கையில்தான் கொடுத்தான். அந்த ஆள் தெரிந்தவராக இருக்கலாம்.

முதலில் அது ஒரு பருதான். காதுமடலின் மேல் வளைவில், உளுந்து அளவுக்கு. பாலுண்ணி என்றார்கள். ஆறு மாசத்தில் அது நாலாகி, நாலும் சேர்ந்து ஒன்றாகி, செதில் செதிலாக உரிந்தது. கடைத்தெருவில் இருந்த டாக்டர் படை என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்தார். போட்டதும் சிவப்பு அடங்கியது, அவள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். களிம்பு தீர்ந்ததும் அது இரண்டு மடங்காக எழும்பியது. இன்னொருவர் சுட்டு எடுத்தார். சுட்ட இடத்தைச் சுற்றி வளையமாக முளைத்தது. மூன்றாமவர் தோலில் வருகிற காசநோயாக இருக்கும் என்று சொல்லி ஆறு மாசம் மாத்திரை கொடுத்தார், மூத்திரம் செங்காவியாகப் போயிற்று, காது அப்படியே இருந்தது. புற்றாக இருக்குமோ என்று யாரோ வாயை விட்டார்கள், அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் ஒரு சித்திரை, ஒரு வைகாசி தூங்காமல் கழித்தாள். கடைசியில் திருநெல்வேலியில் அந்த இளவயது டாக்டர்தான் ஒரு துளி சதையை வெட்டி எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்க டீச்சர், நீங்களே பாருங்க என்று நுண்ணோக்கியில் காட்டினார். இளஞ்சிவப்புப் பரப்பில் உருண்டை உருண்டையாக, பழுப்பு நிறத்தில், வறுத்த மல்லி விதை போல நாலைந்து கிடந்தன. பூஞ்சை. மரத்திலும் மண்ணிலும் இருக்கிறது. காலில் வரும், கையில் வரும், காதில் வருவது ரொம்ப அபூர்வம் என்றார். அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. படிப்பில் பார்த்ததை நேரில் பார்த்துவிட்ட சந்தோஷம். அவளுக்கு அதில் கோபம் வரவில்லை, ஆச்சரியம் என்னவென்றால் அவளுக்கும் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேர் இருக்கிறது. ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டவே ஒட்டாது. மருந்து இருக்கிறது. மருந்து இருந்து என்ன, பதினோரு மாசமாக விழுங்குகிறாள். வயிறு நிறையச் சாப்பிட்டதும் இரண்டு குளிகை, மாசா மாசம் ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை புகை விடுகிற குளிர்ந்த திரவத்தைத் தொட்டு வைத்து உறைய வைப்பது, அன்றாடம் ஒரு மணி நேரம் வெந்நீர்ப் பை ஒத்தடம். பாதி வாடியிருக்கிறது. மீதிப் பாதி வாடமாட்டேன் என்கிறது. அடுத்த முறை பார்ப்போம், இல்லாவிட்டால் மேல்மடலை வெட்டி எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். எடுத்துவிடலாம். வாழைத்தாரில் சீப்பை எடுக்கிற மாதிரி.

ஒரு காதில் போட முடியாதபோது ஒரு காதில் மட்டும் கம்மல் எதற்கு என்று இரண்டையும் கழற்றி வைத்தாள். அது வேறு கதையாகிவிட்டது. கம்மல் இல்லாமல், காதை மறைக்கத் தலைமுடியை இழுத்துவிட்டுக்கொண்டு, முந்தானையைச் சுற்றிக்கொண்டு அவள் வந்ததைப் பார்த்து, கணக்கு டீச்சர் இரண்டு நாள் தயங்கிவிட்டு மூன்றாம் நாள் தனியாக அழைத்து, எப்போது சபையில் சேர்ந்தீர்கள், சொல்லவே இல்லையே என்று கேட்டாள். கம்மலைக் கழற்றினால் பெந்தெகொஸ்தே என்று ஊருக்கே தெரியும். சிரிப்புத்தான் வந்தது. ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதில் ஒரு மரியாதையான காரணம் இருக்கிறது. மாமியார்வழி உறவு ஒருத்தி கல்யாண வீட்டில் பார்த்துவிட்டு, புருஷன் உயிரோடு இருக்கும்போது மூளிக் காதோடு என்னத்துக்கு நிற்கிறாய் என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். மூளி. அந்த வார்த்தை அந்தக் கல்யாணச் சாப்பாட்டின் பால்பாயசத்தோடு இறங்கியது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அறிக்கையில் காலிஃபிளவர் போன்ற வளர்ச்சி என்று டாக்டர் எழுதியிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் அந்தக் காய் வாங்குவதில்லை. காந்திமதிநாதன், அவள் புருஷன், ஏன் என்று கேட்கவில்லை. அவனுக்கும் அறிக்கையைப் படிக்கத் தெரியும்.

உயர்திரு தலைமையாசிரியர் அவர்களுக்கு, ஐயா. எனக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால். உடல்நலம் நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு மாடி ஏறி இறங்குகிறாள், தண்ணீர்க் குடம் தூக்குகிறாள், ஈரல் சரியாக இருக்கிறது என்று மாசா மாசம் காகிதம் தருகிறார்கள். எனது இடது காதில் ஏற்பட்டுள்ள நாள்பட்ட பூஞ்சைத் தொற்று காரணமாக. அது சரி. ஆனால் அது காரணம் இல்லையே. காரணம், பார்க்கிறவர்களுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை என்பது. அதை எப்படி எழுதுவது? மாணவர்களும் பெற்றோரும் என் காதைப் பார்க்க விரும்பாத காரணத்தால் எனக்கு ஆறு மாதம் விடுப்பு அளிக்குமாறு. ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் வெயில் வெள்ளையாகக் கிடந்தது. வேப்பமரத்தடியில் காவலாளி தினத்தாளை நாலாக மடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவள் சுவரோரமாக நடந்தாள். நடக்கும்போது வலது பக்கம் பிள்ளைகள் வருகிற மாதிரி நடப்பாள். திரும்பி வரும்போது அது முடியாது, பிள்ளைகள் இடது பக்கம் வந்துவிடுவார்கள். அதனால் போகும்போது மெதுவாகவும் வரும்போது வேகமாகவும் நடக்கிற பழக்கம் வந்துவிட்டது. யாரும் இதைக் கவனித்ததில்லை. அல்லது எல்லாரும் கவனித்திருக்கிறார்கள்.

முள் ஏதாவது குத்திச்சா, சிராய்ச்சதா, நாலஞ்சு வருஷம் முந்திகூட இருக்கலாம் என்று டாக்டர் கேட்டபோது ஒன்றும் இல்லை என்றுதான் சொன்னாள். வீட்டுக்கு வருகிற பஸ்ஸில், ஆலங்குளம் தாண்டும்போது, திடீரென்று ஞாபகம் வந்தது. புளியங்குடியில் கொழுந்தன் தோட்டம். புதுவீடு பால் காய்ச்சிய மறுநாள். எல்லாரும் எலுமிச்சங்காடு பார்க்கப் போனார்கள். மரத்தடியில் ஒரே ஒரு பழம் விழுந்து கிடந்தது, நல்ல மஞ்சளில், ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல். மூட்டை மூட்டையாகப் பழம் கட்டி வைத்திருக்கிற தோட்டம் அது. கேட்டால் சாக்கோடு கொடுத்திருப்பார்கள். அவள் குனிந்தாள். நிமிரும்போது காதில் முள் கீறியது, கம்மலைப் பிடித்து யாரோ இழுத்த மாதிரி இருந்தது. ஒரு சொட்டு ரத்தம். முந்தானையால் துடைத்துவிட்டுச் சிரித்தாள், கூட வந்தவர்களும் சிரித்தார்கள். அந்தப் பழத்தை என்ன செய்தாள் என்று நினைவே இல்லை. பிழிந்து குடித்தாளா, கைப்பையில் போட்டு மறந்து காய்ந்துபோயிற்றா? அதைத்தான் அவள் பல தடவை யோசித்தாள், அது தெரிந்தால் ஏதோ ஆகிவிடப் போகிறது போல. குனியாமல் இருந்திருந்தால். குனிந்தாலும் இரண்டு விரல்கடை தள்ளி நிமிர்ந்திருந்தால். அதுவும் நிச்சயமில்லை, அந்த முள்தானா என்று யார் சொல்ல முடியும், விறகுச் சிராயாக இருக்கலாம், பள்ளிக்கூடத்துப் பழைய பெஞ்சாக இருக்கலாம். கோபப்பட ஒரு முள்ளாவது நிச்சயமாகக் கிடைத்திருந்தால் தேவலை.

காந்திமதிநாதனும் லீவு போடத்தான் சொல்கிறான். நேற்று ஒத்தடம் வைத்துக்கொண்டே சொன்னான். அவன் பொறுமைசாலி. ஒரு மணி நேரமும் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், சூடு போதுமா என்று கேட்பான், ஆறினால் எழுந்து போய்த் தண்ணீர் மாற்றி வருவான். இப்படிப்பட்டவனைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் குளியலறையில் அவள் சீப்பு மட்டும் தனியாக ஒரு டம்ளரில் நின்றது. அதுவரை எல்லாச் சீப்பும் ஒரே டப்பாவில் கிடக்கும். அவன்தான் எடுத்து வைத்திருக்க வேண்டும், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. அவன் கேட்டிருந்தால் அவளே எடுத்து வைத்திருப்பாள். ஒட்டாது என்று அவன் காதால் கேட்டவன், டாக்டர் இரண்டு தடவை சொன்னார், தலையை ஆட்டினான். ஆட்டின தலைக்கும் சீப்புக்கும் நடுவில் எத்தனை தூரம். இதை நினைத்தால் அழுகை வர வேண்டும், அவளுக்கு வருவது எரிச்சல்தான். யாரையும் முழுசாக வெறுக்க முடியாத எரிச்சல். எல்லாரும் நல்லவர்களாக இருந்துகொண்டு, நெற்றியைப் பார்த்துப் பேசிக்கொண்டு, சீப்பைத் தனியாக வைத்துக்கொண்டு.

பன்னிரண்டு மணி அடித்தது. எறும்பு இப்போது மடலின் நடுவுக்கு வந்துவிட்டது. முடியை ஒதுக்குகிற சாக்கில் ஒரே ஒரு தடவை, ஒரு விரலின் பக்கவாட்டால், தொட்டால் போதும். கை பாதிவரை போயிற்று. அப்போதுதான் மூன்றாவது வரிசையில் இருந்த உலகநாதனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டே தன் காதைத் தொட்டான். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மடலைப் பிடித்து, மெதுவாக விட்டான். அவள் கை இறங்கிவிட்டது. தற்செயலாக இருக்கும். அவள் கரும்பலகைப் பக்கம் போய்த் திரும்பினாள். அவன் மறுபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தான், மறுபடி காதைத் தொட்டான். அதே காது, இடது. ரத்தம் முகத்துக்கு ஏறுவது தெரிந்தது. உலகநாதன் நல்ல பையன் என்று நினைத்திருந்தாளே, ஆறாம் வகுப்பில் அவளிடம் படித்தவன், கட்டுரைப் போட்டிக்கு அவள்தான் எழுதிக் கொடுத்துப் பேர் சேர்த்தாள். கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டு முன்னால் பார்த்தாள். இரண்டு பெஞ்சு தள்ளி, ஜன்னல் ஓரத்தில் ஜெபராஜ். அவனும் தலையைத் தூக்கி உலகநாதன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் காதைத் தொட்டான். உலகநாதன் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்கத்தான் குனிகிறான். ஆக, இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. எத்தனை நாளாக? அவள் கரும்பலகையில் திரும்பி எழுதும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் இதுதான் நடந்திருக்கிறது. நாற்பது பேர் நாற்பது காதையும் பிடித்துக்கொண்டு. சின்னப் பிள்ளைகள் பயப்படுகின்றன, பெரிய பிள்ளைகள் கேலி செய்கின்றன, ஞானதிரவியம் சார் சொன்னது சரிதான், இங்கே நின்றுகொண்டு இவள் யாருக்கு என்ன நிரூபிக்கிறாள்? எழுதிவிடலாம். இந்த நிமிஷமே மேஜையில் உட்கார்ந்து, விதியாவது ஒன்றாவது, உட்கார்ந்து எழுதிவிடலாம், எனக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால். அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். அவள் நேராக மூன்றாவது வரிசைக்கு நடந்தாள். இந்தத் தடவை எந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

எழுந்திரு என்றாள். உலகநாதன் எழுந்தான். ஹாலில் பேனாக்கள் எல்லாம் நின்றன.

“எவ்வளவு நேரமா இதைச் செய்யுத?”

அவன் முகம் வெளுத்தது. கேலி செய்தவனுக்கு முகம் இப்படி வெளுக்காது என்று அவள் மனசின் ஒரு ஓரம் அப்போதே சொல்லியது. அவள் கேட்கவில்லை.

“வெக்கமா இல்லையால? உனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?”

“டீச்சர், தெரியாமச் செஞ்சிட்டோம். அஞ்சு கேள்விதான் டீச்சர்.”

“என்ன அஞ்சு கேள்வி?”

“ஒரு மார்க்குல. மொத அஞ்சுக்குத்தான் வரிசையாக் கேட்டேன். மத்ததெல்லாம் நானே எழுதினது.” அவன் ஜன்னல் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினான். “நீங்க எங்க நிக்கீங்கன்னு பாத்துட்டு நான் காதைத் தொட்டா, அவன் விடை சொல்லுவான்.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. காதைத் தொட்டால் என்னவென்று கேட்டாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

“காதுன்னா அ, டீச்சர். மூக்குன்னா ஆ. கன்னம் இ. நெத்தி ஈ. மொதல்ல நான் காதைத் தொட்டா, அ-வான்னு கேக்கேன்னு அர்த்தம். அவனும் தொட்டா, ஆமான்னு.”

பின்னால் யாரோ மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். காது என்றால் அ. வினாத்தாளை எடுத்துப் பார்த்தாள். கீழ்க்கண்டவற்றுள் எது நிலையான செலவு? அ) கட்டட வாடகை. காது. அவ்வளவுதான். இவள் இரண்டு மணி நேரமாக உலகமே ஒரு காதைச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து நின்றிருக்கிறாள், இவர்கள் கட்டட வாடகைக்குக் காதைத் தொட்டிருக்கிறார்கள். சிரிப்பு தொண்டைவரை வந்தது, கூடவே கோபமும் வந்தது, எதற்கு எது முன்னால் என்று தெரியாமல் இரண்டும் அங்கேயே நெருக்கிக்கொண்டன. கேலி செய்திருந்தால்கூட இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது போலிருந்தது. இல்லை, நிம்மதியாக இருந்தது. நிம்மதியும் அவமானமும் ஒரே ருசியில் இருக்கும் என்று அவளுக்கு இத்தனை வயசுவரை தெரியாது. ஹெச்.எம்.முக்கு அனுப்பலாம், பேப்பரைப் பிடுங்கி வெளியே நிறுத்தலாம், செய்ய வேண்டியது அதுதான். அவள் இரண்டு பேரையும் முன்வரிசைக்கு, ஆளுக்கொரு மூலைக்கு மாற்றி உட்கார வைத்தாள். ஒரு மார்க் விடைகள் இருபதையும் குறுக்கே அடித்துவிட்டு, புதுத் தாளில், அவள் கண் முன்னால், கையை மேஜையை விட்டு எடுக்காமல் எழுதச் சொன்னாள். தெரியாததை விட்டுவிடு, காலியாக இருக்கட்டும் என்றாள். ஜெபராஜ் விசும்பிக்கொண்டே எழுதினான். உலகநாதனுக்குத் தாளைக் கொடுக்கும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டாள்.

“என்னை வச்சித்தான் காதுன்னு வச்சீங்களா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதல் தடவையாக அவள் காதைப் பார்த்தான், நேராக, எதையோ நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி. “இல்ல டீச்சர்” என்றான். “போன வருஷம் பரிமளா டீச்சர் ஹால்லயும் அதான். உங்களுது… அது எங்களுக்குப் பழகிப்போச்சில்லா.”

பழகிப்போச்சு. அந்த வார்த்தையைப் பொறுக்கிக்கொண்டு அவள் ஜன்னலுக்குப் போனாள். வலிக்கிறதா என்று கேட்டிருந்தால் அழுதிருப்பாள், அழகாக இருக்கிறது என்று பொய் சொல்லியிருந்தால் அடித்திருப்பாள். பழகிப்போச்சு என்பதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, தள்ளிவிடவும் ஒன்றுமில்லை. சுவரில் காரை பெயர்ந்த இடம், ஒரு கால் ஆடுகிற பெஞ்சு, வடிவு டீச்சர் காது. பழகிப்போக அவர்களுக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும்? ஒரு வாரம்? அவளுக்கு நாலு வருஷம் ஆகியும் பழகவில்லை. சின்னப் பிள்ளைகள் பயப்படுகின்றன என்று ஞானதிரவியம் சார் சொன்னார், எந்தப் பிள்ளை, எந்த வகுப்பு, பேர் என்ன என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவர் காலண்டரைப் பார்த்திருப்பார். ஒரு மணிக்கு எச்சரிக்கை மணி அடித்தது. விடைத்தாள்களை நூலால் கட்டச் சொன்னாள். அரிப்பு இருந்தது, இன்னும் மோசமாகவே இருந்தது, கொதித்தது. ஒன்றேகாலுக்கு இருபது விடைத்தாளையும் எண்ணி அடுக்கி, உறையில் போட்டுக் கையெழுத்துப் போட்டாள். கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்கவில்லை.

ஹெச்.எம். அறையில் மின்விசிறி சுற்றியது. விடைத்தாள் கட்டை வாங்கிக்கொண்டு, ஒரு பிரச்சினையும் இல்லையே என்று கேட்டார். இரண்டு பையன்கள் பார்த்து எழுதினார்கள், ஒரு மார்க் விடைகளை அடித்துவிட்டுத் திரும்ப எழுத வைத்தேன், உறைமேல் குறித்திருக்கிறேன் என்றாள். நல்லது என்றார். பேனாவைத் திறந்தார், மூடினார். அப்புறம் நெற்றியைப் பார்த்துக்கொண்டு, லெட்டர் என்றார்.

“எழுதல சார்.”

“சாயங்காலத்துக்குள்ள எழுதினாலும்…”

“நான் எழுத மாட்டேன். லீவு எனக்கு வேண்டாம். நான் வரக் கூடாதுன்னா நீங்க எழுதித் தாங்க சார். என்ன காரணம்னும் நீங்களே எழுதி, சீல் வச்சித் தாங்க. ஒட்டாதுன்னு டாக்டர் எழுதினதை நான் நாளைக்குக் கொண்டாரேன், ரெண்டையும் சேத்து மேல அனுப்புங்க.”

சரளமாக வரவில்லை, கொண்டாரேன் என்பதை இரண்டு தடவை சொன்னாள். ஞானதிரவியம் சார் அவளையே பார்த்தார். பார்வை நெற்றியிலிருந்து நழுவி, இடது பக்கம் போய், அங்கேயே சற்று நின்றது. அவர் முகம் சுளிக்கவில்லை, திருப்பிக்கொள்ளவும் இல்லை. களைத்த மனுஷனாகத் தெரிந்தார். அவருக்கும் ஓய்வுபெற இரண்டு வருஷம்தான். தன்னால் அப்படி ஒன்றும் எழுத முடியாது என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் இப்போதுதான் தெரிந்தது. நான் உங்க நல்லதுக்குத்தான் சொன்னேன் டீச்சர் என்றார். தெரியும் சார் என்றாள். அது உண்மைதான், அதுதான் ஆத்திரமாகவும் இருந்தது.

“மதியம் எனக்கு எந்த ஹால் சார்?”

அவர் டியூட்டிப் பட்டியலை இழுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார். அவள் பேர் அங்கே இல்லை. மதியத்துக்கு அவளை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தார். விரல் காகிதத்தில் அப்படியே நின்றது. அவள் காத்திருந்தாள். உதவிக்கு வரவில்லை, பரவாயில்லை சார் என்று சொல்லவில்லை, காலண்டரைப் பார்க்கவில்லை. கடைசியில் அவர் பேனாவைத் திறந்து, கீழே காலியாக இருந்த இடத்தில், பதினொன்றாம் அறை என்று போட்டு, எதிரில் அவள் பேரை முழுசாக எழுதினார்.